சருகு நீக்கிய பருத்தி

1936ஆம் வருஷம் பங்குனி மாதம், அவிநாசிக்கு மேற்கே இருந்த ஜின்னிங் பாக்டரியில் அந்த யந்திரத்தை ஓட்டிப் பார்த்த அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்: பாக்டரிக்குச் சொந்தக்காரரான பொங்கியண்ணக் கவுண்டர், அவர் மனைவி நஞ்சம்மாள், யந்திரத்தைச் செய்து கொண்டுவந்த கோயமுத்தூர்ப் பட்டறையின் மூத்தவர் சுந்தரராஜுலு நாயுடு, அவர் தம்பி அழகிரிசாமி, பட்டறையில் யந்திரம் பூட்டும் பிட்டர் ரசாக், ஜின்னுக்குப் பருத்தி போடும் பெண்களும், அவர்களுக்குத் தலைவி போல இருந்த பழனியாத்தாளும். வேறு யாரும் இல்லை. நாங்களும் பார்த்தோம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் அன்று அந்தக் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜின் என்பது கொட்டைப் பருத்தியைப் பஞ்சு வேறு, கொட்டை வேறு என்று பிரிப்பது. ஒவ்வொரு ஜின்னுக்கும் ஒரு பெண் நின்றுகொண்டு, பருத்தியை அள்ளி அள்ளித் தோல் உருளையின்மேல் போட வேண்டும். அயர்ந்துவிட்டால் உருளை சும்மா சுற்றும். அதிகம் போட்டால் அடைத்துக்கொள்ளும். பைக்காரா மின்சாரம் வந்து ஊரெல்லாம் மோட்டார் சுற்றத் தொடங்கிய பிறகு, இந்தக் கை வேலையையும் ஒரு யந்திரமே பார்த்துக்கொண்டால் என்ன என்று பொங்கியண்ணனுக்குத் தோன்றிற்று. அப்படி ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. யாராவது யோசித்துப் புதிதாகச் செய்துதான் கொடுக்க வேண்டும்.

அப்படிச் செய்து கொடுப்பதுதான் சுந்தரராஜுலு வீட்டுத் தொழில். கிணத்துக்கடவில் ஒருவர் தேங்காய் நாரை அடித்து உதற யந்திரம் வேண்டும் என்றார், செய்து கொடுத்தார்கள். மதுக்கரையில் ஒருவர் சுண்ணாம்பைச் சாக்கில் நிரப்பிக் குலுக்கி இறக்க ஒன்று கேட்டார், அதுவும் செய்தார்கள். பட்டறையை விட்டுப் போன யந்திரம் எதுவும் திரும்பி வந்ததில்லை. இதைச் சுந்தரராஜுலு தம் வாயால் சொல்லிக்கொண்டது கிடையாது. ஊர் சொல்லிற்று. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

யார் எந்த யந்திரம் கேட்டாலும், அதற்குள் போகப்போகிற சரக்கில் ஒரு மூட்டை சாம்பிள் அனுப்பச் சொல்வது பட்டறையின் வழக்கம். சரக்கைக் கையில் பிசைந்து பார்த்துத்தான் அழகிரிசாமி பென்சிலையே எடுப்பான். பொங்கியண்ணன் வீட்டிலிருந்து கம்போடியா ரகப் பருத்தி வந்தது. மல்லிகைப்பூவைக் கொட்டி வைத்தது போல இருந்தது. அதை வைத்து மாதக்கணக்கில் பாடுபட்டு அவன் அந்தப் பெட்டியைச் செய்தான். மரச் சட்டங்கள் கோத்த நீளமான பட்டை ஒன்று ஜின்களுக்கு மேலே பருத்தியைச் சுமந்துகொண்டு போகும். ஒவ்வொரு ஜின்னுக்கு நேராகவும் சின்னப் பல்லுருளை ஒன்று அளவாகக் கிள்ளிப் போடும். அடைப்பு விழுந்தால் எடைக்கல் கட்டிய கதவு தானே மூடிக்கொள்ளும். ஒரு கையும் படவேண்டியதில்லை. பழனியாத்தாள் பார்த்தவுடனே அதற்குத் தீனிப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டாள்.

அன்று சுந்தரராஜுலு கொட்டகைக்குள் நுழைந்தபோது அழகிரிசாமி ஏணிமேல் நின்று பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டியிருந்தான். அண்ணனைக் கண்டதும் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டான். அண்ணன் முன்னால் மடித்துக் கட்டிய வேட்டியோடு அவன் நின்றதே இல்லை. நினைத்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்வது.

"ஏனுங்க சின்ன நாயுடு, இது மத்தியானம் கஞ்சி குடிக்கப் போகுமுங்களா?" என்று பழனியாத்தாள் கேட்டாள்.

"போகாது."

"வெத்தலை பாக்கு?"

"அதுவும் வேண்டாம்."

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைன்னு லீவு கேக்குமுங்களா?"

"கேக்காது அம்மணி."

"அப்ப எங்க பண்ணாடிக்கு ஏத்த ஆளுதானுங்க."

பண்ணாடி என்று அவள் சொன்னது பொங்கியண்ணனை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொங்கியண்ணனின் மீசையும் ஒரு பக்கம் அசைந்தது. நஞ்சம்மாள் பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, "ஆகட்டுங்க, நல்ல நேரம் போயிரப்போகுது" என்றாள்.

ரசாக் மோட்டாரைப் போட்டார். முற்றத்தில் கிடந்த மூட்டைகளை அவிழ்த்துப் பருத்தியைக் கொட்டினார்கள். பட்டை நகர்ந்தது. முதல் ஜின் பஞ்சைத் துப்பிற்று. சுந்தரராஜுலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு முதல் கதவு மூடிற்று. அதற்கடுத்தது மூடிற்று. பெட்டி தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியேதான் நடந்தது. அடைத்த இடத்தில் மூடிக்கொண்டது. எல்லா இடத்திலும் அடைத்தது. எல்லாக் கதவும் மூடிற்று. ஜின்கள் வெறுமனே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"புது மருமவளுக்குச் சோறு எறங்கலைங்க" என்றாள் பழனியாத்தாள்.

அழகிரிசாமி பல்லுருளையில் சிக்கியதை இழுத்துப் பார்த்தான். நொறுங்கிய சருகு, குச்சி, மண், அதோடு நமுத்துத் திரிதிரியாய்ப் போன பருத்தி. கையில் வைத்து அமுக்கினான். உள்ளங்கை ஈரமாயிற்று. பல ஊர்களிலிருந்து வருகிற பருத்தி அப்படித்தான் இருக்கும். கடைசிப் பறிப்பில் சருகு கலந்திருக்கும். எடை கூட வேண்டும் என்று சிலர் தண்ணீரும் தெளித்திருப்பார்கள். பெண்கள் கையால் போடும்போது கட்டியைப் பிய்த்து, குச்சியைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

"ஏனுங்க கவுண்டரே, சாம்பிளுக்கு வந்த பருத்தி இது இல்லீங்களே" என்றான். "அதுல சருகுன்னு ஒரு துணுக்குகூட..."

"எப்படி இருக்கும்?" என்றாள் நஞ்சம்மாள். "எங்க தோட்டத்துல மொதப் பறிப்பு அது. நானே உக்காந்து சருகெல்லாம் எடுத்துப்போட்டு, வெயில்ல ஒணத்தி அனுப்பினேன். நாயுடு ஊட்டுக்குப் போற சாமானத்தைக் குப்பையோடவா அனுப்புவாங்க?"

பெருமையாகத்தான் சொன்னாள். விருந்தாளி வீட்டுக்கு அனுப்பும் அரிசியில் கல் பொறுக்குவது போல அவள் பொறுக்கியிருந்தாள். அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிப் போயிற்று. பொங்கியண்ணனின் மீசை இறுகியது. அழகிரிசாமி இன்னும் ஒரு வார்த்தை பேசினால், பாக்டரிக்கு வருவது குப்பை, தண்ணீர் தெளித்த சரக்கு என்றாகும். வீட்டு அம்மாள் ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுத்தாள் என்றாகும். அதுவும் கூலிக்கு நிற்கிற பெண்கள் முன்னால்.

அழகிரிசாமி வாயைத் திறந்தான்.

"அழகிரி, பேசாம இரு" என்றார் சுந்தரராஜுலு. "உன் கணக்குல தப்பை வெச்சுக்கிட்டு அம்மணி மேல சொல்லாதே."

நாயுடு வீட்டில் பேச்சு தெலுங்கு. தெலுங்கில் அதட்டியிருந்தால் அது வீட்டோடு போயிருக்கும். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பி, "பிழை எங்களுதுங்க. தம்பி போட்ட கணக்கு தப்பாப் போச்சு. கொண்டு போய்ச் சரி பண்ணிக் கொண்டாந்து விடறமுங்க" என்றார்.

"அதுக்கென்னங்க. நாயுடு சொன்னாச் சரி" என்றார் பொங்கியண்ணன். அவர் குரலில் வந்த நிம்மதியை அழகிரிசாமியும் கேட்டான். சருகைக் கீழே போட்டுவிட்டு ஏணியை மடக்கினான்.

தீனிப்பெட்டியைக் கழற்றி மாட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். அவிநாசி ரோடு முழுக்க மில்லும் பட்டறையும் இருந்தன. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சுந்தரராஜுலு பட்டறை யந்திரம் திரும்பி வருகிறது என்பதை அன்று பொழுது சாய்வதற்குள் கோயமுத்தூர் முழுதும் பேசிற்று. அவர் வண்டிக்குப் பின்னால் ஒளியவில்லை. முன் வண்டிக்குப் பக்கத்திலேயே தலைப்பாகையோடு நடந்து வந்தார். தம்பி கடைசி வண்டிக்குப் பின்னால் வந்தான்.

வீட்டில் பங்காரம்மா கணவருக்கும் கொழுந்தனுக்கும் இலை போட்டாள். பாதிச் சாப்பாட்டில் அழகிரிசாமி சொன்னான்: "அண்ணா, கணக்கு தப்பில்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"அந்தம்மா நமக்கு மரியாதை செய்யறதா நினைச்சுச் சருகு பொறுக்கியிருக்காங்க. அதைக் குத்தம்னு கூலிக்காரங்க முன்னால சொல்றதா?"

"அப்ப என் பேரு?"

"வீட்டுப் பேருக்குள்ளேதான் உன் பேரும் இருக்குது."

"நீங்க வீட்டுப் பேரைச் சொல்லலை அண்ணா. தம்பின்னு சொன்னீங்க."

தகப்பனார் போன பிறகு சுந்தரராஜுலு வளர்த்த பிள்ளை அவன். அதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் வேலைக்கு வேண்டிய பேச்சுத் தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் சுந்தரராஜுலு மனதுக்குள் ஒரு முடிவு செய்து வைத்திருந்தார். யந்திரம் ஓடட்டும். அதே கொட்டகையில், அதே ஆட்கள் முன்னால், தமிழிலேயே, தம்பி கணக்கில் தப்பில்லை என்று சொல்லிவிட வேண்டும். கவுண்டர் கோபித்தாலும் சரி. இதைத் தம்பியிடம் அவர் சொல்லவில்லை. செய்யப்போகிற காரியத்தை முன்கூட்டிச் சொல்லி வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

குப்பைப் பருத்தி வேண்டும் என்று பொங்கியண்ணனிடம் கேட்க முடியாது. கேட்பதும், உங்கள் சரக்கு குப்பை என்று சொல்வதும் ஒன்றுதான். அழகிரிசாமி ரசாக்கைத் திருப்பூர் மண்டிக்கு அனுப்பி, யாரும் தொடாத கடைசிப் பறிப்பில் ஒரு வண்டி வாங்கிவரச் செய்தான். வண்டி வந்து இறங்கியதைச் சுந்தரராஜுலு பார்த்தார். பார்க்காதவர் போலப் போய்விட்டார். பின்கொட்டகையில் அவன் அதை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாரி வாரிப் போட்டுப் பார்த்தான். பட்டைக்கு முன்னால் புதிதாக ஒரு பெரிய உருளை வைத்தான். அதில் ஆணி ஆணியாய் அடித்தான். கீழே கம்பிச் சல்லடை. உருளை பருத்தியை அடித்து உதறும். சருகும் மண்ணும் சல்லடை வழியே கொட்டிப் போகும். ஈரக் கட்டிகள் ஆணியில் சுற்றிக்கொண்டன. ஆணியைச் சாய்த்து அடித்தான். வேகத்தைக் குறைத்தான். மறுபடி கூட்டினான்.

"சின்னவரே, இந்தக் கல்யாண மாப்பிள்ளை வேட்டியோட பெல்ட்டுக்கிட்ட வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பார் ரசாக். "என்னோட காக்கி நிஜார் ஒண்ணு தர்றேன், போட்டுக்குங்க."

"அண்ணன் பார்த்தா?"

"பார்த்தா என்ன, என்னை வேலையை விட்டு நிறுத்துவாரு. உங்களை நிறுத்த முடியாதுல்ல?"

அழகிரிசாமி சிரித்தான். யந்திரம் திரும்பி வந்த பிறகு அவன் சிரித்தது ரசாக்கிடம் மட்டும்தான். நிஜார் பேச்சு முன்பே ஒரு தரம் வந்து முடிந்துபோன பேச்சு. முதலாளி வீட்டு ஆண்பிள்ளை அரைக்கால் நிஜாரோடு நிற்பதா என்று சுந்தரராஜுலு கேட்டிருந்தார். ஆகவே அவன் வேட்டியை நன்றாக உயர்த்தி, இறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். அப்படிக் கட்டியிருக்கும்வரை ஆபத்து ஒன்றும் இல்லை.

வைகாசியில் ஒரு பிற்பகல் ரசாக் முன்கட்டுக்கு ஓடி வந்தார். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பெரியவரே, ஓடுதுங்க. சருகு ஒரு பக்கம், மண்ணு ஒரு பக்கம், பருத்தி சுத்தமாப் போகுதுங்க. காலையில இருந்து ஒரு கதவு மூடலை. நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்."

"அவன் கூப்பிட்டானா?"

"அவர் எங்கீங்க கூப்பிடுவாரு? நான் கூப்பிடறேன்."

சுந்தரராஜுலு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். திரும்பி வந்த நாளிலிருந்து அவர் பின்கொட்டகைக்குள் போனதில்லை. அவிநாசிக்குப் போய்ச் சொல்வது இருக்கட்டும், இப்போதே ரசாக் முன்னால் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நடக்கும்போது நினைத்தார். நல்லா வந்திருக்குது என்று சொன்னால் போதும். அதற்குமேல் அவருக்குச் சொல்லவும் வராது.

அழகிரிசாமி பலகைமேல் நின்று, உருளைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்புக்குப் பக்கத்தில் பெல்ட் ஓடிற்று. வாசலில் வெளிச்சம் மறைந்ததால் நிமிர்ந்தான். அண்ணன் நின்றார். எத்தனையோ நாளாக வராத அண்ணன். அவன் முகம் மலர்ந்தது. கை இடுப்புக்குப் போய் மடிப்பை அவிழ்த்து வேட்டியை இறக்கிவிட்டது.

பெல்ட் வேட்டியின் ஓரத்தைப் பற்றிற்று. ரசாக் கத்திக்கொண்டே ஓடி மோட்டாரை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் மேலே ஷாஃப்ட் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொல்ல வந்த வார்த்தை சுந்தரராஜுலுவின் வாயிலேயே இருந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. வண்டிகள் திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தவர்கள். அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துக் காப்பி கிளப்பில் ஒரு கதை கட்டிவிட்டார்கள். கணக்கு தப்பாகி, யந்திரம் திரும்பி வந்த அவமானம் பொறுக்காமல், சின்ன நாயுடு தானே பெல்ட்டில் போய் விழுந்துவிட்டான் என்று.

அது வீட்டுக்குள்ளும் வந்தது. அழகிரிசாமியின் மனைவி வெங்கடலட்சுமி சின்னப் பெண். கணவனின் அண்ணனிடம் நேரே பேசுவது அந்த வீட்டில் வழக்கம் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் பங்காரம்மா வந்து கணவர் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, அவ ஒண்ணு கேக்கச் சொல்றா."

"என்ன?"

"அவர் என்னை வேண்டாம்னு தானாப் போனாரான்னு."

சுந்தரராஜுலு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அப்படியானால் எப்படி என்று அடுத்த கேள்வி வரும். "அப்புறம் சொல்றேன்" என்றார். உள்ளே வளையல் இல்லாத கை ஒன்று கதவைச் சாத்திற்று.

ஆனி மாதம் தீனிப்பெட்டியை மறுபடியும் அவிநாசிக்குக் கொண்டு போய்ப் பூட்டினார்கள். முன்பு இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், ஒருவனைத் தவிர. நஞ்சம்மாள் இந்தத் தடவை குங்குமம் எடுக்கவில்லை. ரசாக் மோட்டாரைப் போட்டார். முற்றத்தில் கிடந்த பருத்தியை, சருகும் மண்ணுமாக, அப்படியே கொட்டினார்கள். ஆணி உருளை அதை அடித்து உதறிற்று. எல்லா ஜின்னும் பஞ்சைத் துப்பின. ஒரு கதவும் மூடவில்லை. பெண்கள் சுவரோரம் சும்மா நின்றார்கள்.

"பெட்டி தின்னுதுங்க" என்றாள் பழனியாத்தாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. "சின்ன நாயுடுவும் போயிட்டாரு. இனி எங்க கைக்கும் சோலி இல்லை."

பொங்கியண்ணன் அருகே வந்து, "வெசனப்படாதீங்க நாயுடு. தம்பி கணக்குல ஏதோ தப்பு வந்திருந்தாலும் கடைசியில சரி பண்ணிப்போட்டுத்தான் போயிருக்காரு" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். சுந்தரராஜுலு மோட்டாரை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"தம்பி கணக்குல தப்பே இல்லீங்க. வந்த சாம்பிள் வேற, இங்க ஓடற சரக்கு வேற. அதைத்தான் அவன் அன்னைக்குச் சொல்ல வந்தான். நான் வாயை அடைச்சேன். பழியை அவன் மேல போட்டது நான்."

பொங்கியண்ணனின் முகம் கறுத்தது.

"இத்தனை ஆளு முன்னால இதைச் சொல்லோணுமுங்களா நாயுடு?"

"இத்தனை ஆளு முன்னாலதானுங்க அன்னைக்கு அவனைச் சொன்னேன்."

"அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும். இன்னைக்கும் கோவந்தான் வருது" என்றார் பொங்கியண்ணன். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து பட்டறைக்கு ஒரு வேலையும் வரவில்லை.

நஞ்சம்மாள் போகவில்லை. மூட்டையிலிருந்து ஒரு பிடி பருத்தி எடுத்து, பழக்கத்தில் அதிலிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கை நின்றது.

"நான் பொறுக்காம அப்படியே அனுப்பியிருந்தேன்னா..."

"நீங்க மரியாதை செஞ்சீங்க அம்மணி" என்றார் சுந்தரராஜுலு.

அவள் அந்தப் பிடிப் பருத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போனதும் அவர் கைகால் கழுவவில்லை. வெங்கடலட்சுமி இருந்த அறைக்கு நேரே போய், சாத்திய கதவுக்கு வெளியே நின்றார். பங்காரம்மா ஓடி வந்தாள். அவளை அப்பால் இருக்கச் சொன்னார். கதவைப் பார்த்துக்கொண்டு, தம்பி மனைவியிடம் முதல் தடவையாகத் தாமே பேசினார். தாம் உள்ளே நுழைந்தது, அவன் நிமிர்ந்தது, முகம் மலர்ந்தது, கை போனது எல்லாவற்றையும் சொன்னார். அவர் வெகு நேரம் அங்கேயே நின்றார்.

அழகிரிசாமி அவமானம் தாங்காமல் பெல்ட்டில் பாய்ந்தான் என்று அவிநாசி ரோட்டில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய். அவன் பாயவில்லை. யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே வந்தார். தம்பி வேட்டியை இறக்கிவிட்டான்.